சாய்த்த செடியின் மின்னழுத்தத்தை அளப்பது எப்படி

நிமிர்ந்து நிற்கும் ஒரு நாற்றைப் படுக்க வைத்தால், அது தலையைத் தூக்கி நன்றாக வளைவதற்கு முன்பே அதன் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் இடையில் சில மில்லிவோல்ட் வேறுபாடு உருவாகிவிடும். ஈர்ப்பின் திசை மாறியதை உயிர்த்திசு மின்சாரமாகக் காட்டும் இடங்களில் நம் கைக்கு எட்டுவது இதுதான். விமானமோ ராக்கெட்டோ வேண்டாம். ஒரு மேசை, இரண்டு வெள்ளிக் கம்பி, ஒழுங்கான ஒரு ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

என் தொழில் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்ப்பது. உயிரியல் பக்கம் வந்தது அப்புறம்தான். அதனால் இந்தக் குறிப்பில் செடியைவிடக் கம்பியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். காரணம் இருக்கிறது. செடியைச் சாய்க்கும்போது மின்முனையும் சாய்கிறது, அதன் நுனியில் தொங்கும் ஈரமும் சாய்கிறது, வயரும் வளைகிறது. இவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு மில்லிவோல்ட்டைக் காட்டும். எது செடியின் மில்லிவோல்ட், எது கம்பியின் மில்லிவோல்ட் என்று பிரிப்பதுதான் இங்கே முழு வேலையும்.

இந்தக் குழப்பம் பழையது. லியோ பிரவுனர் என்ற தாவரவியலாளர் 1920-களில், சாய்த்த செடியின் கீழ்ப்பக்கம் மேல்பக்கத்தைவிட நேர்மின் அழுத்தம் அடைவதாகக் காட்டினார். சாய்த்த உடனேயே அது தெரிந்தது. ஈர்ப்பை உணரும் முதல் படியே மின்சாரம்தானோ என்று பலர் நினைக்க அது இடம் கொடுத்தது. 1960-களின் தொடக்கத்தில் சுவீடனின் லுண்ட் நகரில் லென்னார்ட் கிராமும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸும் செடியைத் தொடாமலேயே அளக்கும் முறை ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இதயத்தை மீயொலியால் பார்க்கும் முறையை 1953-இல் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவருடன் சேர்ந்து தொடங்கினாரே, அதே ஹெர்ட்ஸ்தான். மக்காச்சோள முளைக்குருத்தில் அவர்கள் கண்ட வேறுபாடும் கீழ்ப்பக்கம் நேர்மின்தான். ஆனால் அது உடனே வரவில்லை, சுமார் 15 நிமிடம் கழித்தே தலைகாட்டியது. அப்படியானால் உடனடியாகத் தெரிந்த மாற்றம்? அது பெரும்பாலும் தொடும் மின்முனையின் சொந்தச் சரக்கு.

அந்த 15 நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் வரைபடத்துக்கு அதுதான் உரைகல்.

எது கனமோ அதுதான் உணரும்

கருவிக்குப் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. செல்சவ்வில் அயனிகளை உள்ளே வெளியே விடும் புரதக் குழாய் ஒன்றின் நிறை 250 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் நிறைக்கான அலகு) என்று வைத்துக்கொள்வோம். அது முழுதாக 10 நானோமீட்டர் கீழே இறங்கினால் கிடைக்கும் ஆற்றல், அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் சும்மாவே ஆடிக்கொண்டிருக்கும் ஆற்றலில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான். இந்த இரைச்சலில் ஒரு தனி அயனிக் குழாய் ஈர்ப்பை நேரடியாக உணர வழியே இல்லை.

இப்போது வேர்நுனியிலும் முளைக்குருத்திலும் இருக்கும் அமைலோபிளாஸ்டை எடுங்கள். மாவுச்சத்து அடைந்த மணி அது. விட்டம் 3 மைக்ரோமீட்டர், சுற்றியுள்ள செல்நீரைவிட ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.45 கிராம் அடர்த்தி அதிகம் என்று கொண்டால், 1 மைக்ரோமீட்டர் இறங்கினாலே அந்த வெப்ப ஆட்டத்தைப் போல் 15 மடங்கு ஆற்றல் கிடைக்கிறது. இது போதும். உயிர்கள் பலவும் இந்த வழியையே பிடித்திருக்கின்றன. நம் உள்காதில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் உணர்மயிர் செல்களின் மேல் அமர்ந்திருக்கின்றன. காரா என்ற பாசியின் வேரிழைகளில் பேரியம் சல்ஃபேட் மணிகள் இருக்கின்றன. கனமான ஒன்று விழுகிறது, அது எதையோ அழுத்துகிறது அல்லது இழுக்கிறது, அப்புறம்தான் அயனிகள் நகர்கின்றன.

ஆகவே நீங்கள் அளக்கும் மில்லிவோல்ட் ஒரு சங்கிலியின் பின்கண்ணி. மணி விழுவதற்கும் அது உங்கள் கம்பிக்கு வருவதற்கும் இடையில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழ்ப்பக்கம் கூடுதலாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் புரோட்டான்களை வெளியேற்றும் வேகம் மாறுகிறது. தாமதம் ஏன் என்பதற்கு இதுவே விளக்கம். முளைக்குருத்தின் நுனியை வெட்டிவிட்டால் அந்த மின்வேறுபாடு வராது, ஆக்சினை ஒருபக்கமாகத் தடவினால் சாய்க்காமலேயே வரும் என்பதும் கிராம் காட்டியதுதான்.

மின்முனை

0.25 முதல் 0.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தூய வெள்ளிக் கம்பி வாங்குங்கள். செம்பும் துருப்பிடிக்காத எஃகும் இங்கே வேண்டாம். அவற்றின் அழுத்தம் ஈரம் பட்ட நிமிடத்திலிருந்து தன்பாட்டுக்கு அலையும். கம்பியை மென்மையான மணல்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, சாதாரண வெளுப்பான் திரவத்தில் கால் மணி முதல் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். வெள்ளியின் பளபளப்பு போய், சாம்பல் கலந்த ஊதா நிறம் ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். அதுதான் வெள்ளி குளோரைடு. திட்டுத்திட்டாக இருந்தால் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள். இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வெளுப்பானுடன் எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள்.

இரண்டு கம்பிகளையும் ஒரே துண்டிலிருந்து வெட்டி, ஒரே கிண்ணத்தில், ஒரே நேரத்தில் பூசுவது முக்கியம். பூசிய பிறகு ஒரே உப்புக் கரைசலில் இரண்டையும் நிற்கவைத்து அவற்றுக்கிடையே உள்ள அழுத்தத்தைப் பாருங்கள். 1 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல ஜோடி. 3, 4 என்று காட்டினால், இரண்டின் முனைகளையும் ஒன்றாக முறுக்கி ஓர் இரவு கரைசலிலேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் சமாதானமாகிவிடும். வெளிச்சம் படாமல் வையுங்கள். வெள்ளி குளோரைடு ஒளியில் மாறக்கூடியது.

கம்பியை நேராகச் செடியில் குத்தக் கூடாது. குத்தினால் காயத்தின் மின்னழுத்தம் மணிக்கணக்கில் ஓடும், அதன்மேல் வேறு எதையும் பார்க்க முடியாது. கம்பிக்கும் செடிக்கும் இடையில் ஒரு பாலம் வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் 0.075 கிராம் பொட்டாசியம் குளோரைடும் 2 கிராம் அகாரும் (கூழாக உறையும் கடல்பாசித் தூள்) போட்டுக் காய்ச்சுங்கள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயில் வெள்ளிக் கம்பியை வைத்து, இந்த அகாரை ஊற்றி, வாயில் ஒரு பருத்தி நூல் துண்டை நீட்டிக்கொண்டிருக்கும்படி உறையவிடுங்கள். அந்த நூலின் நுனிதான் செடியைத் தொடும். இதயத்துடிப்பு வரைபடம் எடுக்கத் தடவும் களிம்பை எடுக்காதீர்கள். அதன் உப்பு நாற்றின் தோலுக்கு மிக அதிகம்.

ஏன் கரைசலாகவே விடாமல் அகாராக உறையவைக்க வேண்டும்? சாய்க்கும்போது திரவத் துளி இடம் மாறும், தொடும் பரப்பு மாறும், அடர்த்தி வேறுபாடு இருந்தால் உள்ளேயே ஒரு நீரோட்டம் வரும். மூன்றும் மின்னழுத்தமாகத் தெரியும். உறைந்த கூழ் இந்த மூன்றையும் பெருமளவு அடக்கிவிடுகிறது.

ஆம்ப்ளிஃபயர்

சாதாரண மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம். ஒவ்வொரு நூல் தொடுகையும் 5 மெகாஓம் என்று வைத்தால்கூட இரண்டும் சேர்ந்து 10 மெகாஓம் ஆகிறது. செடி கொடுக்கும் அழுத்தத்தில் பாதிதான் மீட்டருக்குப் போய்ச் சேரும். அதைவிட மோசம், நூல் கொஞ்சம் காய்ந்து தடை ஏறினால் அந்தப் பாதி கால்வாசியாகும், நீங்கள் அதைச் செடியின் மாற்றம் என்று எழுதிவைப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு மின்முனைக்கும் ஒரு தாங்கி ஆம்ப்ளிஃபயர், அதாவது மின்முனையிலிருந்து மின்னோட்டத்தை இழுக்காமல் அதன் அழுத்தத்தை அப்படியே கடத்துவது, வேண்டும். எல்எம்சி6482 என்ற ஐசி எனக்குப் பிடித்தது. அதில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன, உள்ளீட்டு மின்னோட்டம் ஃபெம்டோஆம்பியர் கணக்கில்தான். ஒவ்வொன்றையும் பெருக்கம் ஒன்று என்ற நிலையில் இணைத்து, இரண்டு வெளியீட்டையும் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 போன்ற 16 பிட் மாற்றியின் வேறுபாட்டு உள்ளீடுகளுக்குக் கொடுங்கள். அதன் மிகச் சிறிய வீச்சில் ஒரு படி சுமார் 7.8 மைக்ரோவோல்ட், நமக்கு அது தாராளம். இடையில் வேறு பெருக்கம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது மின்முனை ஒன்று வேருக்குப் பக்கத்து ஈரத்தில் இருக்க வேண்டும். அதை மின்வழங்கலின் நடுப்புள்ளியில் இணையுங்கள். 5 வோல்ட் என்றால் 2.5 வோல்ட்டில். இது இல்லாமல் விட்டால் செடி மிதந்துகொண்டே போய் ஆம்ப்ளிஃபயரின் விளிம்பில் முட்டிக்கொள்ளும்.

ஐசியின் உள்ளீட்டுக் காலைச் சுற்றுப்பலகையில் பற்றவைக்காமல் மேலே தூக்கி, வயரை நேராக அந்தக் காலிலேயே பற்றவையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் பற்றுப்பசையும் விரல் ஈரமும் இந்த அளவுத் தடையில் கம்பி மாதிரி கடத்தும். வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவுங்கள்.

நொடிக்கு எட்டு அளவு எடுத்து, ஒரு நொடிக்குச் சராசரி போட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் நன்றாகத் தணியும். மீதியை, எல்லாவற்றையும் மூடும் ஒரு கம்பிவலைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். எல்லாம் பேட்டரியில் ஓடட்டும். சார்ஜரைச் சொருகியபடி அளக்காதீர்கள்.

சாய்ப்புப் பலகை

இதில்தான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். செடியை மட்டும் சாய்த்து, ஆம்ப்ளிஃபயரை மேசையில் விட்டுவிடுவார்கள். வயர் வளைந்தால் அதன் உறைக்குள் உராய்வு மின்னேற்றம் வரும். ஜிகாஓம் உள்ளீட்டில் அது கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு துள்ளலாகத் தெரியும். அதனால் செடி, மின்முனை, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, பதிவுசெய்யும் அட்டை, வலைப்பெட்டி எல்லாம் ஒரே பலகையில் திருகி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பலகையிலிருந்து வெளியே ஒரு வயர்கூடப் போகக் கூடாது. பலகைக்கு ஒரு கீல், 90 பாகையில் நிற்க ஒரு தடுப்பு. மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டார் இருந்தால் பத்து நொடியில் சாயும்படி அமையுங்கள். கையால் சாய்த்தாலும் பரவாயில்லை, தடுப்பில் மோதாமல் இருந்தால் சரி. மோதும் அதிர்ச்சியே செடியில் ஒரு மின்துடிப்பைக் கிளப்பிவிடும்.

அதே பலகையில் கோணத்தைக் காட்ட ஒரு முடுக்கமானி, ஒரு வெப்பமானி. கோணமும் வெப்பமும் மின்னழுத்தமும் ஒரே கோப்பில், ஒரே நேரக்குறியோடு பதிவாக வேண்டும். எப்போது சாய்த்தேன் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வதெல்லாம் இந்த வேலைக்கு ஆகாது.

செடியில்லாமல் ஒரு நாள்

செடி வளரும் நாட்களில் இதைச் செய்யுங்கள். நாற்றின் தடிப்புக்குச் சமமாக அகாரில் ஒரு உருளையை வார்த்து, நாற்று நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, இரு பக்கமும் நூலைத் தொடவைத்துச் சாய்த்துப் பாருங்கள். அகாருக்கு உயிரில்லை, ஆகவே அது எதுவும் சொல்லக் கூடாது. சாய்த்த கணத்தில் 0.3 மில்லிவோல்ட்டுக்கு மேல் படி ஏறினால் செடியைக் கொண்டுவராதீர்கள். நூல் தளர்வாக இருக்கலாம், கூழுக்குள் குமிழி இருக்கலாம், ஏதோ ஒரு வயர் தொங்கலாம். தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு மறுபடி சாய்க்க வேண்டும்.

பெட்டிக்குள் ஈரப்பதத்துக்காக நனைத்த வடிதாள் வைப்போம். அது அதிகமானால் உருளையின் மேல் நீர்த்துளி படியும், சாய்த்ததும் கீழ்ப்பக்கம் வழியும், இரண்டு நூல்களுக்கும் இடையில் ஒரு ஈரப்பாதை உண்டாகும். இந்த மாற்றம் மெதுவாக, பத்து இருபது நிமிடத்தில் நடக்கும் என்பதுதான் வில்லங்கம். செடியின் பதிலும் அதே வேகத்தில்தான் வரும். அகாரை வைத்து ஒன்றரை மணி நேரம் முழுதாக ஓட்டினால்தான் இது வெளியே வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

செடியோடு

இருட்டில் வளர்ந்த நான்கைந்து நாள் மக்காச்சோள முளை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், முதல் இலை இன்னும் உறையைக் கிழிக்காத நிலையில் இருந்தால் நல்லது. சூரியகாந்தி நாற்றின் தண்டும் நன்றாக வேலை செய்யும். நூல் நுனிகளை முளையின் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே, நேருக்கு நேர் எதிர்ப்பக்கங்களில், தொட்டும் தொடாமலும் வையுங்கள். சாய்க்கும்போது ஒரு நூல் மேலேயும் மற்றது கீழேயும் வரும்படி பலகையின் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு விட்டுவிடுங்கள். தொட்டது, நகர்த்தியது, வெளிச்சம் பட்டது எல்லாவற்றுக்கும் செடி மின்சாரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும் அது அடங்க. பத்து நிமிடத்தில் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக ஓடினால் தயார். அறையில் விளக்கு வேண்டாம், மங்கலான பச்சை விளக்கு போதும். ஒளியை ஏற்றி இறக்கினால் பச்சைத் திசுவில் வரும் மாற்றம் ஈர்ப்புக்கு வருவதைவிடப் பெரிது.

அரை மணி நேரம் நிமிர்ந்த நிலையில் பதிவு. சாய்ப்பு. ஒன்றரை மணி நேரம் கிடந்த நிலையில் பதிவு. மறுபடி நிமிர்த்தி ஒரு மணி நேரம்.

வரைபடத்தில் மூன்று விதமான மாற்றம் வரலாம். சாய்த்த நொடியிலேயே ஒரு படி ஏறி அப்படியே நின்றால், அது கருவி. சில நொடியில் கூர்மையாக எழுந்து ஓரிரு நிமிடத்தில் இறங்கினால், செடியாக இருக்கலாம், ஆனால் அதிர்வுக்குச் சொன்ன பதிலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் நடக்காமல் இருந்து, அப்புறம் கீழ்ப்பக்கம் மெல்ல நேர்மின்னாக ஏறி, நிமிர்த்திய பின் மெல்ல இறங்கினால், அதைத்தான் தேடி வந்தோம்.

அதற்காக இன்னும் நம்பிவிடாதீர்கள். சாய்க்கும் திசையை மாற்றுங்கள்; மேல் இருந்த நூல் கீழே வரும்போது குறியும் மாற வேண்டும். வயர்களை ஆம்ப்ளிஃபயரில் இடம் மாற்றிச் சொருகுங்கள். வரைபடம் தலைகீழாக வேண்டும். செடியை நின்ற நிலையிலேயே தன் அச்சில் 90 பாகை திருப்புங்கள். அசைவு அதே அளவு, ஈர்ப்பின் திசை மாறவில்லை, எனவே எதுவும் வரக் கூடாது. சாய்த்து உடனே நிமிர்த்துங்கள். அதிர்வுக்கான பதில் மட்டும் வரும், மெல்லிய ஏற்றம் வரக் கூடாது. கொதிநீரில் முக்கி எடுத்த நாற்றை வைத்து ஒரு முறை. கடைசியாக, முளையின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் வெட்டி, காயம் அடங்கக் கொஞ்ச நேரம் விட்டு, சாய்த்துப் பாருங்கள். ஏற்றம் காணாமல் போகும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், வெட்டிய முளை சில மணி நேரத்தில் அடுத்த பகுதியையே நுனியாக்கிக்கொள்ளும் திறமை உள்ளது.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் திசை மாற்றிச் சாய்ப்பதைச் செய்யுங்கள். கருவியின் பொய்களில் பாதி அதிலேயே பிடிபடும்.

வேர்நுனிச் செல்கள் நொடிக்கணக்கில் பதில் சொல்வதாகப் படித்தேனே என்று கேட்கலாம். உண்மைதான். 1985-இல் பேரன்ஸ், கிராட்மன், சீவர்ஸ் மூவரும் ஒருவகைக் கடுகினச் செடியின் வேர்நுனியில் கண்ணாடி நுண்முனையைச் செலுத்தி, ஈர்ப்பை உணரும் செல்லுக்குள்ளேயே அளந்தார்கள். கிடையாக்கிய சில நொடிகளில் கீழ்ப்பக்கத்துச் செல்லின் சவ்வழுத்தம் (செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான மின்னழுத்தம்) 25 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைந்தது. அது ஒரு செல்லின் உள்ளே நடப்பது. நம் நூல் ஆயிரக்கணக்கான செல்களின் வெளித்தோலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு செல்லின் துடிப்பு அதற்குக் கேட்காது. மேற்பரப்பு அழுத்தத்தை அளந்துவிட்டு அதைச் சவ்வழுத்தம் என்று எழுதுவது இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கும் அவசரம்.

சுழற்றிப் பார்ப்பது

கிளைனோஸ்டாட் என்பது செடியைக் கிடையான அச்சில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் கருவி. ஈர்ப்பு எங்கும் போய்விடுவதில்லை; மணிகள் ஒரு பக்கம் படிவதற்குள் அந்தப் பக்கம் மேலே போய்விடுகிறது, அவ்வளவுதான். இதை எடையின்மை என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். நிமிடத்துக்கு 2 சுற்று, அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிச் செடி என்றால், சுழற்சியால் வரும் முடுக்கம் பூமியின் ஈர்ப்பில் சுமார் நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான், கவலையில்லை. அதையே நிமிடத்துக்கு 60 சுற்று ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும், மணிகள் வெளிப்பக்கம் ஒதுங்கும். ஆகவே மெதுவாகச் சுற்றுங்கள், செடியை அச்சிலேயே வையுங்கள்.

பதிவுக்கருவி முழுவதும் கூடவே சுழல வேண்டும். சறுக்குவளையங்கள் (சுழலும் பாகத்திலிருந்து நிற்கும் பாகத்துக்கு மின்தொடர்பு தருபவை) வழியாக மில்லிவோல்ட்டை வெளியே எடுப்பது தலைவலி. வரைபடத்தில் 30 நொடிக்கு ஒரு முறை அலை வந்தால், அது ஒரு சுற்றின் காலம். செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எங்கோ ஒரு நூல் தளர்ந்திருக்கிறது. கிளைனோஸ்டாட்டால் எனக்குக் கிடைத்த உண்மையான பயன் இதுதான்: சாய்த்து ஏற்றம் தொடங்கிய பிறகு சுற்றவிட்டால் அந்த ஏற்றம் மெல்லக் கரைவதைப் பார்க்கலாம்.

ஈர்ப்பைக் கூட்ட மையவிலக்குக் கருவி. 2 மடங்கு வேண்டும், கை நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு சுமார் 72 சுற்று. பூமியின் ஈர்ப்பும் சேர்வதால் கிடையான பங்கு 1.73 மடங்கு இருந்தாலே மொத்தம் 2 ஆகும். செடி இருக்கும் கூடை தானாக ஆடி 60 பாகை சாய்ந்து நிற்கும்படி தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அளவோடு திசையும் மாறி எதை அளந்தோம் என்றே தெரியாது. ஒப்பீட்டுச் செடியை அச்சுக்கு மிக அருகில் வைத்து அதே சுழற்சியைக் கொடுங்கள், அதிர்வு இரண்டுக்கும் சமமாகிவிடும். சுற்றும் கைக்கு உறுதியான மூடி அவசியம். பேட்டரி கழன்று பறந்தால் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

வானத்தில் எடுத்த வரைபடங்களைப் படிப்பது

நம் மேசையில் ஈர்ப்பைக் குறைக்க முடியாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பெட்டியைப் போட்டால் 0.64 நொடி கிடைக்கும். 15 நிமிடம் யோசிக்கிற செடிக்கு அது எம்மூலைக்கு? ஜெர்மனியின் பிரெமன் நகர விழுகோபுரத்தில் 4.7 நொடி, கீழிருந்து மேலே எறிந்தால் 9 நொடிக்குக் கொஞ்சம் அதிகம். பரவளையப் பாதையில் பறக்கும் விமானத்தில் ஒரு தடவைக்கு 22 நொடி. ஆய்வு ராக்கெட்டில் ஆறு நிமிடமும் அதற்கு மேலும். இந்தக் காலங்கள் நரம்புக்குப் போதும். அதனால்தான் எடையின்மையில் எடுத்த மின்பதிவுகள் பெரும்பாலும் விலங்குச் செல்களில் எடுத்தவை.

ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்காங் ஹான்கேயின் குழு இதில் நெடுநாள் வேலை செய்தது. எடையின்மையில் நரம்புத்துடிப்பு நரம்பிழை வழியாகச் செல்லும் வேகம் குறைவதாகவும், கூடுதல் ஈர்ப்பில் ஏறுவதாகவும் அவர்கள் எழுதினார்கள். ஒரு புரதக் குழாய்க்கு ஈர்ப்பு தெரியாது என்ற நம் கணக்கோடு இது எப்படிப் பொருந்தும்? அவர்கள் சொல்லும் விளக்கம் சவ்வு முழுவதையும் பற்றியது: சவ்வின் பாகுத்தன்மை மாறுகிறது, அதில் பதிந்திருக்கும் குழாய்களின் திறப்பு மாறுகிறது. எனக்கு இது பாதி தூரம்தான் நம்பிக்கை தருகிறது. சவ்வுக்கு அந்தச் செய்தி எந்தக் கனமான பொருள் வழியாகப் போகிறது என்பதை யாராவது காட்டும்வரை அந்த மீதிப் பாதி தூரம் அப்படியே கிடக்கட்டும்.

இப்படிப்பட்ட வரைபடத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது செல் இல்லாமல் எடுத்த பதிவை. விமானத்தில் 22 நொடி எடையின்மைக்கு முன்னும் பின்னும் 1.8 மடங்கு ஈர்ப்பு வருகிறது, கூடவே இயந்திர அதிர்வு. எடையின்மையில் சூடான திரவம் மேலே ஏறுவதில்லை, குமிழி மிதந்து வெளியேறுவதில்லை, கரைசலின் மட்டம் நுண்முனையைச் சுற்றி மாறுகிறது. இவை எல்லாம் மில்லிவோல்ட் பேசும். வெறும் கரைசலை வைத்து அதே விமானத்தில் எடுத்த கோடு நேராக இருந்தால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

சந்தேகமில்லாமல் எனக்குப் பிடித்த முடிவு ஒரு மீனிடமிருந்து வந்தது. 1998-இல் இரண்டு விண்வெளி ஓடப் பயணங்களில் டோட்ஃபிஷ் என்ற மீன்களை அனுப்பினார்கள். ஈர்ப்பை உணரும் உள்காது நரம்பின் துடிப்புகளைத் திரும்பி வந்த பிறகு பதிவுசெய்தார்கள். தரையிறங்கிய முதல் நாளில், அதே அசைவுக்கு அந்த நரம்பு தரையிலேயே இருந்த மீன்களைப் போல் சராசரியாக மூன்று மடங்கு பதில் சொன்னது. சுமார் 30 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பாரமே இல்லாத நாட்களில் நரம்பு தன் பெருக்கத்தை ஏற்றிவைத்துக்கொண்டது என்பது இதற்கு எளிய விளக்கம். அளவீடு முழுக்கத் தரையில் நடந்ததால் மின்முனை எடையின்மையைப் பார்க்கவே இல்லை. ஒப்பீட்டு மீனுக்கும் பயணித்த மீனுக்கும் ஒரே கருவி, ஒரே அறை. கருவிக்காரன் கேட்பது வேறென்ன?

மேசையை எடுத்துவைக்கும்போது மின்முனைகளின் நூலை வெட்டி எறிந்துவிட்டு, குழாய்களைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மூழ்கவைத்து, இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, இருட்டில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அகார் சுருங்கியிருந்தால் புதிதாக ஊற்றுங்கள், ஜோடியின் அழுத்தத்தைப் பாருங்கள், அகார் உருளையை மறுபடி ஒருமுறை சாய்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.